குழிக்குள் போன கை

அத்தியாயம் 5

ஆரஞ்சு நிறம். நல்ல கேரட் ஒன்றின் நீளம். பொத்தானை அழுத்தி மேசை ஆணியின் பக்கம் கொண்டுபோனால் ‘ட்ர்ர்’ என்று நடுங்கியது.

“இது என்னா, பல்லு விளக்கறதா?” என்று கேட்டார் தங்கமணி.

வாலண்டைன் அதைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டான். ஆன்லைனில் தொண்ணூற்றைந்து வெள்ளிப் பணம் கொடுத்து, நான்கு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்து, இன்று காலையில்தான் கைக்கு வந்த சாமான் அது.

“பின்பாயின்டர், அக்கா. பெரிய டிடெக்டர் இந்தப் பக்கம் ஏதோ இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். இது, இந்தா இங்கதான்னு விரல நீட்டிக் காட்டும்.”

“விரல நீட்டத் தொண்ணூத்தஞ்சு வெள்ளியா? என் மாமியா சும்மாவே நீட்டுவாங்க.”

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது தங்கமணியின் துப்பறியும் அலுவலகம். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் பொய்களைப் படித்துப் படித்தே கண்ணாடியின் பவர் ஏறிப்போனவர். ஐம்பத்தாறு வயதில், இனிமேல் பொய்களை நேரிலேயே போய்ப் பார்ப்போம் என்று சொந்தமாகக் கடை விரித்துவிட்டார். அவருக்கு உதவியாளன் வாலண்டைன். செந்தூல்காரன், முன்னாள் லோரி டிரைவர், வயது நாற்பது, வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் மெட்டல் டிடெக்டரைத் தோளில் போட்டுக்கொண்டு பழைய காசு தேடக் கிளம்பிவிடுவான். ஆறு வருடத்தில் அவன் தோண்டி எடுத்த புதையலில் முக்கால்வாசி சோடா மூடி.

எதிரே உட்கார்ந்திருந்த விஜயன் மட்டும் சிரிக்கவில்லை. அவனும் வாலண்டைனின் டிடெக்டர் கூட்டாளிதான். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கொண்டோ அடுக்குமாடிக்கு செக்யூரிட்டி சூப்பர்வைசர். யாராவது சங்கிலியையோ மோதிரத்தையோ புல்லில் தொலைத்துவிட்டால் டிடெக்டரோடு போய்த் தேடிக் கொடுப்பான். கூலி வாங்க மாட்டான். கிடைத்த பொருளோடு ஒரு போட்டோ, அவ்வளவுதான்.

“மொதல்லேர்ந்து சொல்லுங்க, விஜயன்.”

“கிள்ளான்ல பவுனம்மாள்னு ஒரு ஆன்டி. ஞாயித்துக்கிழம அவங்க மகன் குகன் ஃபோன் பண்ணாரு. செடிக்குத் தண்ணி ஊத்தறப்ப அம்மாவோட கல் மோதிரம் தோட்டத்துல விழுந்துடுச்சு, தேடிக் குடுங்கன்னாரு. போனேன். மூணு மணி நேரம் தேடுனேன். முருங்கை மரத்துக்கிட்ட நல்ல சத்தம். தோண்டி, கைய உள்ள விட்டு, மண்ணத் தடவித் தடவிப் பாத்தேன்.”

“எவ்ளோ நேரம்?”

“ஆறு நிமிஷம் இருக்கும் அக்கா. கடைசில சோடா மூடி. எடுத்துப் பையில போட்டுட்டேன். அத குகன் வீடியோ எடுத்து வாட்ஸப் குரூப்புல விட்டுட்டாரு. ஆறு நிமிஷம் குழிக்குள்ள கைய வெச்சிருந்தான், எடுத்ததக் காட்டாமப் பையில போட்டுட்டான்னு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள மோதிரம் வரலைன்னா போலீஸ்ல ரிப்போர்ட்டாம்.” விஜயன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான். “முந்நூறு வீட்டு ஸ்பேர் சாவி என் பொறுப்புல இருக்கு. ரிப்போர்ட்டுல என் பேரு வந்தா, நாளைக்கே வேல போயிடும்.”

வாலண்டைன் பின்பாயின்டரை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினான். “இத வாங்கு வாங்குன்னு எத்தன வாட்டி சொன்னேன்? இது இருந்தா ஆறு செகண்டு லா!”

“தண்டச் செலவுன்னு நெனச்சேன். மண்ண ஒரு பிடி அள்ளி டிடெக்டர் தட்டு மேல காட்டுனாலே சத்தம் கேட்டுடுது. மலிவா விக்கிறதெல்லாம் ஈர மண்ணப் பாத்தாலே கத்துது.”

“என்னோடது கத்தாது!”

“ரெண்டு பேரும் கத்தாதீங்க,” என்றார் தங்கமணி. வலது கையால் மேசையைத் தட்டினார். டொக், டொக். விரலில் ஐந்து கல் வைத்த தடித்த மோதிரம். யோசிக்கும்போதெல்லாம் அதனால் மேசையைத் தட்டுவார். மேசையில் அதற்கென்றே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. “உங்க கையில மோதிரமே காணோமே, விஜயன்?”

“தேடப் போறவங்க போடக்கூடாதுக்கா. மோதிரம், வாட்சு, இரும்பு பக்கிள் எதுவும் ஆகாது. நம்ம கையில இருக்கறதப் பாத்தே மெஷின் கத்திடும்.”

“ஹாபில மொதப் பாடமே அதான்,” என்றான் வாலண்டைன், தானே அந்தப் பாடத்தை எழுதியவன்போல.

“நல்ல பாடம்,” என்று தங்கமணி எழுந்துகொண்டார். “மணி ஒண்ணரை. விஜயன், நீங்க வர வேணாம். வாலண்டைன், வண்டிய எடு.”

ஃபெடரல் ஹைவேயில் வண்டிகள் நகர்ந்தால்தானே போவதற்கு. பழைய மைவி காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாலண்டைன் பெருமூச்சு விட்டான்.

“அக்கா, விஜயன் எடுத்திருப்பான்னு நெனக்கிறீங்களா?”

“வீடியோவ எத்தன வாட்டி பாத்த?”

“இருவது.”

“யாரப் பாத்த?”

“விஜயன் கையத்தான். வேற யாரப் பாக்கறது?”

“நான் பின்னால நிக்கிற அம்மாவப் பாத்தேன். மோதிரம் தொலச்சவங்க குழியத்தானே பாக்கணும்? அவங்க எப்படா முடியும்னு ரெண்டு வாட்டி வீட்டுக்குள்ள சுவத்துக் கடிகாரத்த எட்டிப் பாத்தாங்க.”

“அடுப்புல மீன் கறி இருந்திருக்கும்.”

“இருக்கலாம்,” என்றார் தங்கமணி. “மீன் கறியா இருந்தா எனக்கும் சந்தோஷம்.”

கிள்ளானில் அது ஒரு வரிசை வீடு. முன்னால் ஒரு துண்டுத் தோட்டம், கறிவேப்பிலை, முருங்கை, முருங்கைக்குக் கீழே மூடப்படாத அந்தக் குழி. குகன் கேட்டைப் பாதிதான் திறந்தான். துறைமுகத்தில் ஷிப்பிங் கிளார்க்காக இருக்கிறவன், முப்பது வயது. கையில் ஃபோன், முகத்தில் நியாயம்.

“நீங்க அந்த ஆளோட ஆளுங்களா?”

“நாங்க மோதிரத்தோட ஆளுங்க, தம்பி. கெடச்சா சந்தோஷம்தானே?”

குகன் கேட்டை முழுதாகத் திறந்துவிட்டான். தங்கமணி உள்ளே போனார். வாலண்டைன் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு குழியோரம் குந்தினான். ஐந்தே நிமிடம். ட்ர்ர்: ஒரு துருப்பிடித்த ஆணி. ட்ர்ர்: இருபது காசு. ட்ர்ர்: இன்னொரு சோடா மூடி. ஒவ்வொரு தடவையும் முனையை மண்ணில் குத்தினான், நடுங்கிய இடத்தில் இரண்டு விரலால் கிள்ளி எடுத்தான். குகன் குனிந்து பார்க்க ஆரம்பித்தான். அந்த மூடிக்கு அவனே முழங்காலில் உட்கார்ந்துவிட்டான்.

“டக்குனு எடுத்துடுதே பிரதர்!”

“அதத்தான் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன். ஒருத்தரும் கேக்கல.”

ஆனால் மோதிரம் இல்லை. வாலண்டைன் பின்பாயின்டரை அணைத்தான். தோட்டத்தில் இல்லையென்றால், கூட்டாளியின் பையில்தான் இருக்க வேண்டுமா? அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவனுக்குக் கோபம் வந்தது.

வாலண்டைனும் குகனும் உள்ளே போனபோது பவுனம்மாள் தே கலக்கிக் கொண்டுவந்திருந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த தலை, யாரையும் நேருக்கு நேர் பார்க்காத கண்கள். தங்கமணி கோப்பையை வாங்கும்போது அந்த விரலைக் கவனித்தார். வாலண்டைனும் அக்காவின் கண் போன இடத்துக்குத் தன் கண்ணை அனுப்பினான். மோதிரம் இருந்த இடத்தில் வெளுத்த பள்ளம். அதற்கு மேலே, விரல் கணு ஜாதிக்காய் பருமனுக்கு வீங்கியிருந்தது.

“எத்தன வருஷமாப் போட்டிருந்தீங்க, அக்கா?”

“இருவத்தெட்டு. இவங்க அப்பா போட்டுவிட்டது.”

“கழட்டுனதே இல்லியா?”

“எங்க கழட்டறது? ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கணும்னு சொன்னப்ப, சவுக்கார நுர போட்டு வழுக்க வெச்சு அரை மணி நேரம்...” பவுனம்மாள் நிறுத்திக்கொண்டார். “தே ஆறிடும், குடிங்க.”

குகன் பொறுமையில்லாமல் இடையில் புகுந்தான். “வர ஞாயித்துக்கிழம எனக்கு நிச்சயதார்த்தம். மாதவிக்கு அம்மா கையால அந்த மோதிரத்தத்தான் போடறதா இருந்துச்சு. பொண்ணு வீட்ல எல்லார் முன்னாலயும் அம்மாவே சொன்னாங்க. இப்ப என்னா பண்றது? அந்த ஆள சும்மா விடலாமா?”

“ரிப்போர்ட்டெல்லாம் எதுக்குப்பா,” என்றார் பவுனம்மாள் மெதுவாக. “போனது போச்சு லா.”

“இருவத்தெட்டு வருஷ மோதிரம்மா! போச்சுன்னு விட்டுடுவீங்களா?”

பவுனம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நான்கு. அடுப்பில் மீன் கறி எதுவும் இல்லை என்பதை வாலண்டைன் குறித்துக்கொண்டான்.

ஹாலின் மூலையில் சாமி அலமாரி. அம்மன் படம், குத்துவிளக்கு, மணி, தட்டு எல்லாம் பித்தளை. படத்தின் ஆணியில் மஞ்சள் நனைத்த துணியில் ஒரு சின்ன முடிச்சு தொங்கியது. காசு முடிந்து வைத்தது.

“மோதிரம் கெடைக்கணும்னு முடிஞ்சீங்களா, அக்கா?” என்று தங்கமணி கேட்டார்.

“அது இல்ல,” என்று பவுனம்மாள் அவசரமாகச் சொன்னார். “அது தைப்பூசத்தப்ப முடிஞ்சது. குகன் கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு ஒரு வெள்ளி நோட்டு வெச்சு முடிஞ்சேன்.”

“கும்பிட்டுக்கறேன்.”

தங்கமணி அலமாரியின் முன்னால் போய்க் கண்களை மூடிக் கும்பிட்டார். பிறகு அந்த முடிச்சைப் பயபக்தியோடு ஆணியிலிருந்து எடுத்து, கண்ணில் ஒற்றி, வலது உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பவுனம்மாள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“வாலண்டைன், அந்தக் கேரட்ட எடுத்துட்டு வா.”

வாலண்டைன் தயங்கினான். மாதா கோயில்காரன் அம்மன் அலமாரிக்கு முன்னால் மெஷினை நீட்டுவது முறையா என்று ஒரு கணம் யோசித்தான். மாதா மன்னிப்பார், அம்மனும் மன்னிப்பார், அக்காதான் மன்னிக்க மாட்டார் என்று முடிவு செய்து பொத்தானை அழுத்தினான். முனை முடிச்சின் பக்கம் போனது.

ட்ர்ர்ர்ர்ர்!

வாலண்டைனின் உடம்பெல்லாம் ஒரு புல்லரிப்பு. தொண்ணூற்றைந்து வெள்ளி அந்த ஒரு நொடியில் வசூலாகிவிட்டது. “ஆன்டி, ஒரு வெள்ளி நோட்டு பிளாஸ்டிக். பிளாஸ்டிக்குக்கு இது கத்தாது!”

“அம்மா?” என்றான் குகன்.

“ஒரு... பத்து காசும் சேத்துப் போட்டேன். மறந்துட்டேன்.” பவுனம்மாளின் உதடு காய்ந்துவிட்டது. “அத அவுக்கக் கூடாது. நேந்துக்கிட்டது. கல்யாணம் முடியற வரைக்கும் அவுத்தா தெய்வக் குத்தம்!”

குகன் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். யாராக இருந்தாலும் இழுத்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்காக முடிந்த முடிச்சை நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் முன்னால் அவிழ்க்க எந்த மாப்பிள்ளைக்கு மனசு வரும்? வாலண்டைனுக்கும் புரிந்துவிட்டது. வங்கி லாக்கரை உடைக்கலாம், இந்தப் பூட்டை உடைக்க இந்த வீட்டில் ஆள் கிடையாது. மணி நான்கு இருபது.

“ரொம்ப சரி,” என்றார் தங்கமணி. “அவுக்கவே கூடாது.”

வாலண்டைன் வாயைப் பிளந்தான்.

“நேந்துக்கிட்டது பலிச்ச மாதிரிதான். பொண்ணு கெடச்சாச்சு, ஞாயித்துக்கிழம நிச்சயம். அம்மனுக்குத் தர வேண்டிய பாக்கிய எதுக்கு வீட்ல வெச்சிருக்கணும்? போற வழியில கோயில் இருக்கு. இப்படியே, முடிச்சு முடிச்சாவே, உண்டியல்ல போட்டுடறேன். வாலண்டைன், வண்டிய எடு.”

முடிச்சைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். வாசலை நோக்கி ஓரடி வைத்தார். இரண்டாவது அடி. குகன், “அதுவும் நல்லதுதான்மா,” என்று தலையாட்டினான். மூன்றாவது அடியில் தங்கமணி ஒரு கால் செருப்பை மாட்டினார்.

“குடுங்க!”

பவுனம்மாள் பாய்ந்து வந்து கைப்பையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ! இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விடவேயில்லை. பிறகு அங்கேயே, வாசல்படியில் உட்கார்ந்து அழுதார்.

முடிச்சை அவரே அவிழ்த்தார். உள்ளே ஒரு வெள்ளி நோட்டு இருந்தது, அம்மன் பேரில் சொன்னதில் பாதியாவது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. நோட்டுக்குள் சிவப்புக் கல் மோதிரம்.

“அப்பா போனதுக்கப்புறம் என் கூட இருக்கறது இது ஒண்ணுதான்யா,” என்றார் மகனைப் பார்த்து. “மாதவி வீட்ல பெருமைக்குச் சொல்லிட்டேன். சொன்ன நிமிஷத்துலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. மாட்டேன்னு சொல்ல வாய் வரல. தொலஞ்சு போச்சுன்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். நீ போய் மெஷின்காரனக் கூப்பிடுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அந்த ஆளு மேல பழி விழுந்தப்பவாச்சும் வாயத் தொறந்திருக்கலாம்ல?”

பவுனம்மாள் மோதிரத்தை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். “தொறந்தா மோதிரம் போயிடும். தொறக்காட்டி அவரு பேரு போயிடும். நான் மோதிரத்தப் பாத்துட்டேன்.”

வாலண்டைனுக்கு அவர்மேல் ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால் அவன் வாய்க்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஆறு வருடத்தில் அது அபூர்வம்.

குகன் வீடியோவை அழிக்கப் போனான். தங்கமணி தடுத்தார். “அழிச்சா மட்டும் போதாது, தம்பி. அதே குரூப்புல, உங்க அம்மா குரல்ல போகணும்.”

நான்கு மணி நாற்பதுக்குப் போனது அந்த வாய்ஸ் மெசேஜ். பவுனம்மாள் ஃபோனை வாயருகே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். “விஜயன் தம்பி ஒண்ணும் எடுக்கல. மோதிரம் என் வீட்லதான் இருந்துச்சு. ஒளிச்சு வெச்சது நான். அவரு நல்ல மனுசன். என்னய மன்னிச்சிடணும்.”

குகன் அம்மாவின் விரலைப் பிடித்து மோதிரத்தைப் போட்டுவிட முயன்றான். கணுவில் சிக்கிக்கொண்டது. “சவுக்காரம் எடுத்துட்டு வரேன் இருங்க,” என்று எழுந்தான். “மாதவிக்கு வேற வாங்கிக்கலாம்மா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.”

வண்டி சிக்னலில் நின்றபோதுதான் வாலண்டைனுக்கு வாய் திரும்பி வந்தது.

“தண்டச் செலவாம், தண்டச் செலவு! பல்லு விளக்கறதாம்! சொல்லுங்கக்கா, இது இல்லன்னா கேஸ் முடிஞ்சிருக்குமா?”

“அந்த விரலப் பாத்தேல்ல? சவுக்காரம் போட்டு அரை மணி நேரம் இழுக்க வேண்டிய மோதிரம், செடிக்குத் தண்ணி ஊத்தறப்ப தானா விழுமா?” தங்கமணி உள்ளங்கையைக் காட்டினார். மஞ்சள் அப்படியே ஒட்டியிருந்தது. “தைப்பூசத்துல முடிஞ்சதாம். ஆகஸ்ட் மாசம் வந்தாச்சு, இன்னும் கையில ஒட்டுது. எல்லாத்துக்கும் மேல, மோதிரம் தொலஞ்ச வீட்ல மோதிரம் கெடைக்கணும்னு ஒரு முடிச்சு இல்ல. நம்ம பொம்பளைங்க தொலச்ச சாமானுக்கு மொதல்ல காசு முடிவாங்க, அப்புறம்தான் தேடவே ஆரம்பிப்பாங்க.”

“சரி, ஆனா நிரூபிச்சது என் கேரட்டு!”

“அத ஆன் பண்ணு.”

பண்ணினான். தங்கமணி மஞ்சள் ஒட்டிய அந்த வலது கையை அதன் முனைக்குப் பக்கத்தில் நீட்டினார்.

ட்ர்ர்ர்ர்ர்!

வாலண்டைன் அந்தக் கையைப் பார்த்தான். ஐந்து கல் வைத்த தடித்த மோதிரம் அவனைப் பார்த்தது. பச்சை விளக்கு விழுந்ததும், பின்னால் நின்ற லோரி ஹார்ன் அடித்ததும் அவன் காதில் விழவில்லை.

“ஹாபில மொதப் பாடம் என்னா?” என்று தங்கமணி கேட்டார்.

“அப்போ... முடிச்சுக்குள்ள மோதிரம் இல்லாம இருந்திருந்தா?”

“அப்பவும் கத்தியிருக்கும். அதுக்குத்தான் என் கையில வெச்சேன். அந்தம்மா கொஞ்சம் ஆடிப் போகணும், அப்பத்தான் உண்டியல் பேச்சு உள்ள எறங்கும். வண்டிய எடு, லோரிக்காரன் திட்டறான்.”

வாலண்டைன் கியர் மாற்றினான். கேரட் அவன் மடியில் அநாதையாகக் கிடந்தது. அப்போது ஃபோன் அடித்தது. விஜயன். ஸ்பீக்கரில் முதலில் அழுகைதான் வந்தது, அப்புறம் நன்றி, அப்புறம் மூக்கைச் சிந்தும் சத்தம்.

“அந்த மெசேஜ மேனேஜ்மென்ட்டுக்கும் அனுப்புனேன், கேட்டாங்க. வேல இருக்கு. குகன் ஃபோன் பண்ணி எல்லாம் சொன்னாரு. வாலண்டைன், அந்தப் பின்பாயின்டர் எந்தக் கடை லா? எனக்கும் ஒண்ணு சொல்லு.”

வாலண்டைன் ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தான். “அது... மோதிரம் போட்ட கையப் பாத்தாலும் கத்துது மச்சான். யோசிச்சு வாங்கு.”

தங்கமணி ஃபோனின் பக்கம் குனிந்தார். “வாங்கிக்குங்க, விஜயன். சோடா மூடிய நீங்க கையாலயே கண்டுபிடிச்சுடுவீங்க, அதுக்கு வேணாம். அடுத்த வாட்டி குழிக்குள்ள அது போகட்டும். உங்க கை வெளியில, எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி இருக்கட்டும்.”

மறுமுனையில் விஜயன் மறுபடி மூக்கைச் சிந்திக்கொண்டான்.

“வெல எவ்ளோ?”

“தொண்ணூத்தஞ்சு வெள்ளி,” என்றான் வாலண்டைன்.

“மலிவுதான்,” என்றான் விஜயன். “இன்னிக்கு அத விட நெறைய போயிருக்கும்.”